நாணயச்சாலையின் பிழையா, பின்னால் பட்ட அடியா?

ஓரத்தில் பிறைபோல ஒரு துண்டு குறைந்த நாணயம் கைக்கு வந்தால், பெரும்பாலோர் அந்தக் குறையையே திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டிய இடமோ அதற்கு நேரெதிர்ப்பக்கம். நாணயச்சாலையில் உருவம் பதிவதற்கு முன், வெற்று உலோக வில்லையாக இருந்தபோதே அந்தத் துண்டு போயிருந்தால், எதிர்ப்பக்கத்து விளிம்பு சரியாக எழும்பாமல் தட்டையாகவும் மங்கலாகவும் இருக்கும். புழக்கத்துக்கு வந்த பிறகு யாரோ அரத்தால் ராவியோ வெட்டியோ உண்டாக்கிய குறை என்றால், எதிர்ப்பக்கத்து விளிம்பு மற்ற இடங்களைப் போலவே முழுமையாக நிற்கும். அது ஏன் என்று விளங்கிக்கொண்டால், சேகரிப்பாளர்கள் 'எரர் காயின்' என்று பொதுவாக அழைக்கும் எல்லா நாணயங்களையும் ஆராயும் முறை தானாகவே பிடிபடத் தொடங்கும்.

நாணயம் உருவாகும் வழியில் படிகள் அதிகமில்லை. உருக்கிய உலோகத்தைப் பட்டையாக உருட்டி, அந்தப் பட்டையிலிருந்து வட்ட வில்லைகளைத் துளைப்பான்கள் வெட்டி எடுக்கின்றன. வெட்டிய வில்லைகளைக் காய்ச்சி மென்மையாக்கிக் கழுவுகிறார்கள். சுழலும் சக்கரம் ஒன்றுக்கும் அதைச் சூழ்ந்த நிலையான பள்ளத்துக்கும் இடையே அவற்றை உருட்டி, ஓரத்தை உள்நோக்கி நெருக்கி விளிம்பை எழுப்புகிறார்கள். பிறகு மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் ஓர் எஃகு வளையம் என்ற மூன்றுக்கும் நடுவில் வில்லை வந்து அமர, ஒரே அடியில் தலையும் பூவும் ஓரத்து வரிகளும் சேர்ந்து பதிந்துவிடுகின்றன. அதிவேக இயந்திரங்கள் நிமிடத்துக்கு 700-க்கும் மேற்பட்ட நாணயங்களை இப்படி அடித்துத் தள்ளுவதால், இடையில் ஏதேனும் தடம் புரண்டால் அதை அந்தக் கணத்தில் எந்தக் கண்ணும் பார்ப்பதில்லை.

பிறைக்குறைக்கு வருவோம். உலோகப் பட்டை போதுமான அளவு நகராமல் நின்றுவிட்டால், துளைப்பான் ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின்மேல் ஒரு பகுதி விழும்படி அடுத்த வெட்டைப் போடுகிறது. கிடைக்கும் வில்லையில் பழைய ஓட்டையின் வளைவு அப்படியே குறையாகத் தங்குகிறது. அந்த வில்லை விளிம்பு எழுப்பும் பள்ளத்தில் உருளும்போது, குறைபட்ட பகுதி ஒருபுறம் வரும் கணத்தில் அங்கே அழுத்தத்தைத் தாங்க ஒன்றுமில்லாததால், அதற்கு நேரெதிரே உள்ள ஓரமும் நெருக்கப்படாமல் தப்பிவிடுகிறது. மூன்றாவதாக, அச்சு அடிக்கும்போது உலோகம் காலியாக இருக்கும் குறையை நோக்கி வழிவதால், அதன் அருகிலுள்ள எழுத்துகள் அந்தப் பக்கமாகச் சற்று இழுபட்டும் மெலிந்தும் காணப்படும். பின்னால் வெட்டிய நாணயத்தில் எழுத்து, வெட்டுக்கோடு வரை முழு உயரத்தோடு வந்து, கத்தி பட்ட இடத்தில் சட்டென்று அறுந்து நிற்கும். ஆக, உண்மையான பிறைக்குறைக்குத் துளைப்பான், விளிம்பு இயந்திரம், அச்சு என்ற மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்த சாட்சி சொல்கின்றன. அரம் பிடித்தவரிடம் இருப்பது அரம் மட்டுமே. குறை மிகச் சிறியதாக இருந்தால் எதிர்ப்பக்க அடையாளம் தெரியாமலும் போகலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எடை போட்டுப் பார்ப்பது இங்கே உதவாது. இரண்டு வகையிலும் எடை குறைந்துதான் இருக்கும்.

எனவே, ஒரு நாணயம் விசித்திரமாக இருக்கிறதா என்பது பயனுள்ள கேள்வியே அல்ல. புழக்கத்தில் ஒரு நாணயத்துக்கு நேரக்கூடிய விபத்துகளுக்குக் கணக்கே இல்லை. நாணயச்சாலைக்குள் நேரக்கூடிய பிழைகளோ பெரும்பாலும் வில்லை, அச்சு, அடி என்ற மூன்றில் ஒன்றில் பிறப்பவை. கையிலிருக்கும் கோலம் இந்த மூன்றில் எந்தப் படியில் உண்டாகியிருக்க முடியும் என்றும், அப்படியானால் அங்கிருந்த உலோகம் எங்கே போயிருக்க வேண்டும் என்றும் கேட்பதே சரியான தொடக்கம். விடை சொல்ல முடியாத விசித்திரம் பெரும்பாலும் வெறும் அடிதான்.

இந்த விசாரணையில் முதலில் மனத்தில் ஊன்ற வேண்டியது, அச்சும் நாணயமும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை என்பது. அச்சில் பள்ளமாக இருப்பது நாணயத்தில் மேடாக வரும். அச்சின் முகத்தில் கீறல் விழுந்தால், அந்த அச்சில் அடித்த நாணயங்களில் மெல்லிய மேட்டுக்கோடு தோன்றும். அச்சு விரிசல் விட்டால் அந்த விரிசலின் போக்கிலேயே மேட்டுக்கோடு ஓடும். அச்சின் ஓரத்தில் ஒரு சில்லு உடைந்து விழுந்தால், அந்த இடத்தில் உருவமே இல்லாமல் உலோகம் திட்டாகப் புடைத்து நிற்கும். நாணயத்தின்மேல் நேரடியாக ஆணியோ சாவியோ கீறினால் பள்ளம் விழும். உழுத மண் கலப்பையின் இருபுறமும் ஒதுங்குவதுபோல், விலகிய உலோகம் பள்ளத்தின் இருகரையிலும் பிசிறாக எழுந்து நிற்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சின் கீழ், விளக்கைச் சாய்வாக வைத்துப் பார்த்தால் அந்தப் பிசிறு தப்பாது. மேடான கோட்டை யாரும் நாணயத்தில் எளிதில் உண்டாக்க முடியாது என்பதால், மேடு கண்டால் நம்பிக்கை கொள்ளலாம், பள்ளம் கண்டால் சந்தேகப்படலாம் என்பது நல்ல முதல் விதி. ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு: நூலோ கம்பித் துண்டோ அச்சுக்கும் வில்லைக்கும் இடையில் சிக்கிக்கொண்டு அடிபட்டிருந்தால் நாணயத்தில் பள்ளமே விழும். அப்போது கரைகளில் பிசிறு இராது. பள்ளத்தின் சுவர்கள் வழுவழுப்பாகச் சரிந்திருக்கும்.

மேடு, பள்ளம் என்ற இந்த ஒரே வேறுபாடு எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு 1937-இல் அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட 'மூன்று கால் காட்டெருமை' 5 சென்ட் நாணயத்தைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. சேதமடைந்த ஓர் அச்சின் முகத்தைத் தேய்த்துச் சீர்செய்தபோது, அதில் ஆழமில்லாமல் பதிந்திருந்த முன்கால் ஒன்று தேய்ந்தே போயிற்று. அந்த அச்சில் பிறந்த காட்டெருமைகளுக்கெல்லாம் மூன்று கால்தான். சாதாரண நாணயத்தில் அந்தக் காலைச் சுரண்டி எடுத்து ஏமாற்றுவது பழைய தந்திரம். ஆனால் சுரண்டினால் நாணயத்தின் தளம் அந்த இடத்தில் தாழும். அச்சைத் தேய்த்தால் தாழ்வதில்லை. மேலும், உண்மையான நாணயத்தில் விலங்கின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே சிறு சிறு மேட்டுப்புள்ளிகள் வரிசையாக இறங்குகின்றன. உலோகத்தைச் சுரண்டி எடுப்பவரால் பள்ளம் பறிக்க முடியுமே தவிர, புள்ளிகளை முளைக்க வைக்க முடியாது.

மிகுந்த குழப்பத்துக்கு இடமளிப்பது இரட்டை எழுத்துதான். இதில் மூன்று வெவ்வேறு நிகழ்வுகள் ஒரே பெயரில் அழைக்கப்பட்டு, ஒன்றின் மதிப்பு மற்றவற்றின்மேல் ஏற்றிச் சொல்லப்படுகிறது.

முதலாவது, சேகரிப்பாளர்கள் 'டபுள் டை' என்று போற்றுவது. அச்சு என்பதே வேறொரு மூல அச்சை எஃகில் அழுத்தி உருவாக்குவது. ஒரே அழுத்தத்தில் முழு ஆழம் கிடைக்காத காலத்தில், எஃகைக் காய்ச்சி மென்மையாக்கி இரண்டாவது, மூன்றாவது முறையும் அழுத்தினார்கள். இரண்டாம் முறை மூல அச்சு சற்றே திரும்பி அமர்ந்துவிட்டால், அச்சிலேயே ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகிவிடும். பிலடெல்பியாவில் அடிக்கப்பட்ட 1955-ஆம் ஆண்டு 1 சென்ட் நாணயத்தில் ஆண்டும் எழுத்துகளும் வெறும் கண்ணுக்கே இரண்டாகத் தெரிவது இதனால்தான். பிழை தெரிந்தும் மற்ற நாணயங்களோடு கலந்துவிட்டதால் வெளியே விடப்பட்டவை சுமார் 20,000 முதல் 24,000 வரை இருக்கும் என்பது வழக்கமான மதிப்பீடு. இப்போது ஒரே அழுத்தத்தில் அச்சை உருவாக்கும் முறை பரவிவிட்டதால் அத்தகைய பெரிய விலகல் அரிது; சிறிய விலகல்கள், பெரும்பாலும் உருவத்தின் நடுப்பகுதியில், இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இந்த வகையில் இரண்டு உருவங்களும் திரட்சியாக, வட்டமான முகட்டோடு இருக்கும். எழுத்து வழக்கத்தைவிடத் தடித்திருக்கும். அதன் முனை பாம்பின் நாக்கைப்போல இரண்டாகப் பிளந்திருக்கும். அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு நாணயத்திலும் இதே இரட்டிப்பு, இதே அளவில், இதே திசையில் இருந்தாக வேண்டும் என்பது இன்னும் உறுதியான சோதனை.

இரண்டாவது, இயந்திர ஆட்டத்தால் வருவது. அச்சு தளர்ந்திருந்தால், அடித்து முடித்து விலகும் நொடியில் அது சற்று நகர்ந்து, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் பக்கத்தை நசுக்கிவிட்டுப் போகிறது. விளைவு, எழுத்தின் ஒரு பக்கத்தில் திண்ணை கட்டியதுபோல் தாழ்வான, தட்டையான, பளபளக்கும் ஒரு படி. புதிய உருவம் எதுவும் இங்கே சேரவில்லை. இருந்த எழுத்தின் உலோகமே நசுங்கிப் படியாகியிருப்பதால், எழுத்தின் மேல்முகம் வழக்கத்தைவிட மெலிந்திருக்கும். எழுத்து தடித்தால் அச்சின் பிழை, மெலிந்தால் இயந்திரத்தின் ஆட்டம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இதுவும் நாணயச்சாலைக்குள் நடப்பதுதானே என்று வாதிடுவோர் உண்டு. உண்மைதான், ஆனால் ஒவ்வோர் அடிக்கும் வெவ்வேறாக, ஏராளமாக வரும் இந்த ஆட்டத்துக்குச் சேகரிப்பாளர்கள் தனி மதிப்புத் தருவதில்லை. அரிய கண்டுபிடிப்பு என்று காட்டப்படும் இரட்டை எழுத்துகளில் பெரும்பகுதி இந்த வகையே என்பது என் அனுபவம்.

மூன்றாவது, முலாம் பூசிய நாணயங்களுக்கே உரிய தொல்லை. அமெரிக்க 1 சென்ட் 1982-இல் வெண்கல நிறத்துச் செம்புக் கலவையிலிருந்து, செம்பு முலாம் பூசிய துத்தநாகத்துக்கு மாறியது, எடையும் 3.11 கிராமிலிருந்து 2.5 கிராமாகக் குறைந்தது. மெல்லிய முலாம் அடிபடும்போது எழுத்தின் ஓரத்தில் கிழிந்து, அடியிலுள்ள துத்தநாகம் சாம்பல் நிறக் கோடாக எட்டிப் பார்க்கும். கண்ணுக்கு அது இரண்டாவது எழுத்தின் நிழல்போலத் தோன்றும். முலாமுக்கடியில் காற்று தங்கிக் கொப்புளித்தாலும் விசித்திரமான மேடுகள் எழும். மேடு கண்டால் நம்பலாம் என்று மேலே சொன்ன விதி சறுக்கும் இடம் இது. ஒரு பல்குத்தும் குச்சியால் மெல்ல அழுத்தினால் கொப்புளம் உள்ளே அமுங்கிவிடும்; அச்சில் பிறந்த மேடு அமுங்காது.

ஒருமுறை நானே ஏமாந்ததைச் சொல்ல வேண்டும். வாங்கிய ஒரு நாணயத்தின் தலைப்பக்கத்தில் பள்ளமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய எழுத்துகள் இருந்தன. 'ப்ரோக்கேஜ்' என்ற பிழையைப் பற்றி அப்போதுதான் படித்திருந்தேன்: அடித்து முடித்த நாணயம் ஒன்று வெளியேறாமல் அச்சோடு ஒட்டிக்கொள்ள, அடுத்து வரும் வில்லையின் ஒரு முகத்தில் அச்சுக்குப் பதிலாக அந்த நாணயமே பதிந்து, உருவம் பள்ளமாகவும் இடவலம் மாறியும் விழுவது. என் கையில் இருப்பது அதுவே என்று இரண்டு நாள் மகிழ்ந்தேன். மூன்றாம் நாள் விளக்கைத் தாழ்த்திச் சாய்த்துப் பார்த்தபோது, பள்ளமான எழுத்துகளுக்கு அடியில், நசுங்கிப் பரவிய நிலையில், நாணயத்தின் சொந்த எழுத்துகளே கிடந்தன.

அதோடு கதை முடிந்தது. ஒட்டிக்கொண்ட நாணயம் அச்சுக்கும் வில்லைக்கும் இடையில் இருந்திருந்தால், அச்சின் உருவம் அந்த முகத்தில் விழுந்திருக்கவே முடியாது. இரண்டும் ஒரே முகத்தில், ஒரே இடத்தில் இருந்தால், முதலில் ஒழுங்காக அடிபட்ட நாணயத்தின்மேல் பிறகு இன்னொரு நாணயம் அழுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். யாரோ இரண்டு நாணயங்களைச் சேர்த்துப் பட்டறை வைஸில் இறுக்கியிருக்கிறார்கள். பூப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்: வைஸின் தாடை பட்ட இடத்தில் அங்குள்ள உயரமான பகுதிகளும் தட்டையாகியிருந்தன.

நாணயத்தின் இரண்டு முகங்களையும் ஒன்றாகவே விசாரிக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். இரண்டு அச்சுகளும் ஒரே அடியில் மோதுவதால், ஒரு முகத்தில் நடந்தது மறு முகத்தில் தடம் விடாமல் இருப்பது அரிது. வில்லை விலகி அமர்ந்து அடிபட்டிருந்தால், தலைப்பக்கத்தில் எந்த ஓரம் வெறுமையாக இருக்கிறதோ, பூப்பக்கத்திலும் அதே ஓரம் வெறுமையாக இருந்தாக வேண்டும். வளையம் இல்லாமல் அடிபட்டுப் பரந்துபோன நாணயத்தில் ஓரத்து வரிகள் இரா, விட்டம் பெருத்திருக்கும், எடை மட்டும் சரியாக இருக்கும். ஆனால் இங்கே எச்சரிக்கை தேவை, ஏனெனில் தோலுக்கோ மரத்துக்கோ நடுவில் வைத்துச் சுத்தியலால் தட்டிப் பரப்பிய நாணயத்துக்கும் இவை அனைத்தும் பொருந்தும். அதில் வேறுபாடு எழுத்தில் இருக்கிறது: தட்டிப் பரப்பியதில் தளத்தோடு சேர்ந்து எழுத்துகளும் உருவமும் பருத்து, முகடு மழுங்கிக் கிடக்கும்.

சாதாரண அடிகளில் சில அடிக்கடி பிழை வேடம் போடுபவை. துணி உலர்த்தும் இயந்திரத்தின் உருளைக்குள் சிக்கி நாள்கணக்கில் உருண்ட நாணயத்தின் ஓரம் தடித்து உள்நோக்கிச் சுருண்டு, ஓரத்து எழுத்துகளை மூடத் தொடங்கியிருக்கும். நடுத்தளம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அமிலத்தில் கிடந்தது எல்லாப் பக்கமும் சமமாக மெலிந்து, எடையும் விட்டமும் குறைந்து, ஓரத்து வரிகள் கரைந்து காணப்படும். உண்மையிலேயே மெல்லிய வில்லையில் அடிபட்டிருந்தால் விட்டம் குறைய வழியில்லை; உருவத்தின் உயரமான இடங்கள் மட்டும் நிரம்பாமல் மங்கியிருக்கும். நாணயங்களைச் சுருளாகக் கட்டும் இயந்திரம் முகத்தில் வட்டமான கீறலை விட்டுச் செல்லும்.

இல்லாமல் போன எழுத்துக்கும் இதே விசாரணைதான். அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பசையும் தூசும் அடைத்துக்கொண்டால் எழுத்து நிரம்பாது. ஆனால் அந்த இடத்துத் தளம் சுற்றுப்புறத்தின் மட்டத்திலேயே இருக்கும். சுரண்டி எடுத்த இடமோ குழிந்து, ஒரே திசையில் ஓடும் நுண்கீறல்களோடு, ஒளியில் வேறாக மின்னும். 2007-இல் வெளியான அமெரிக்க அதிபர் வரிசை 1 டாலர் நாணயங்களில் ஆண்டும் சில வாசகங்களும் ஓரத்தில், அடித்து முடித்த பின் தனிப்படியாகப் பொறிக்கப்பட்டன. ஜார்ஜ் வாஷிங்டன் உருவம் கொண்ட நாணயங்களில் ஒரு பகுதி அந்தப் படியைத் தாண்டி வெறும் ஓரத்தோடு வெளிவந்தன. ஓரத்தை ராவிப் போலி செய்தவர்களை அளவுகோலே காட்டிக்கொடுத்தது, 26.5 மில்லிமீட்டர் விட்டமும் 8.1 கிராம் எடையும் குறையாமல் எழுத்தை ராவ முடியாது. பிரிட்டனின் ஆண்டில்லாத 20 பென்ஸ் இதிலும் சுவையானது. 2008-இல் வடிவமைப்பு மாறியபோது, அதுவரை பூப்பக்கத்தில் இருந்த ஆண்டு தலைப்பக்கத்துக்கு மாற்றப்பட்டது. பழைய தலை அச்சும் புதிய பூ அச்சும் ஜோடி சேர்ந்துவிட்டதால், இரண்டு பக்கத்திலும் ஆண்டே இல்லாத நாணயங்கள் 50,000 முதல் 200,000 வரை வெளிவந்திருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. இங்கே ஆண்டு அழிந்த இடத்தைத் தேடுவதில் பொருளில்லை. அதில் அழிந்த இடமே கிடையாது; தலைப்பக்கத்தின் எழுத்தமைப்பு பழைய அமைப்பா என்று பார்த்தால் போதும்.

இரு உலோக நாணயங்களில் நடுவட்டம் திரும்பியிருப்பதாக வருவதை நான் இரண்டாம் முறை பார்ப்பதே இல்லை. வளையமும் நடுவட்டமும் முதலில் இணைந்து, அதன்பின் அல்லது அதே அடியில்தான் உருவம் பதிகிறது. ஆகவே இணைப்புக்கோட்டைத் தாண்டும் உருவம் உடைந்து விலகி நின்றால், நடுவட்டத்தை யாரோ தட்டிக் கழற்றி மீண்டும் பொருத்தியிருக்கிறார்கள். நடுவட்டம் மையம் விலகியிருந்தும் உருவம் மட்டும் கோட்டைத் தாண்டித் தடையின்றி ஓடினால், அது நின்று பார்க்க வேண்டிய நாணயம். இருபுறமும் தலை உள்ள நாணயங்களிலும் விளிம்பின் உட்புறத்தை லென்சால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், ஒரு நாணயத்தைக் குடைந்து அதற்குள் இன்னொன்றைப் பொருத்திய கோடு பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

உலோகமே மாறியதாகச் சொல்லும்போது கண்ணை நம்பாமல் தராசை நம்ப வேண்டும். 1943-இல் போர்க்காலச் செம்புப் பற்றாக்குறையால் அமெரிக்க 1 சென்ட் துத்தநாகம் பூசிய எஃகில் அடிக்கப்பட்டது. முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில தவறிப்போய் அதே ஆண்டு அச்சில் அடிபட்டதால் வெண்கல 1943 பெரும் புகழ் பெற்றது. அதைப்போலத் தோன்றச் செம்பு முலாம் பூசிய போலி எஃகு நாணயத்தைக் காந்தம் இழுத்துவிடும்; வெண்கலத்தின் எடை 3.1 கிராமை ஒட்டியும் எஃகின் எடை 2.7 கிராமை ஒட்டியும் இருக்கும். ஆனால் 1948-ஆம் ஆண்டு நாணயத்தின் 8-ஐச் செதுக்கி 3 ஆக்கியவை காந்தம், தராசு இரண்டையும் கடந்துவிடும். அங்கே மீண்டும் லென்சுக்கும், ஐயமற்ற நாணயம் ஒன்றை அருகில் வைத்து எண்ணின் வடிவத்தை ஒப்பிடுவதற்குமே திரும்ப வேண்டும்.

புழக்கத்தில் நெடுநாள் உழன்ற நாணயம்தான் கடினமானது. பிசிறு தேய்ந்திருக்கும், அரத்தின் வரிகள் மழுங்கியிருக்கும், ஒளி எல்லா இடத்திலும் ஒரேபோல் மங்கியிருக்கும். அப்போது தேய்மானத்தையே கால அளவாகக் கொள்ளலாம். எழுத்துகள் தேய்ந்து வழுவழுத்த நாணயத்தில் குறையின் விளிம்பு மட்டும் கூர்மையாகவும் நிறம் மாறாமலும் இருந்தால், அது நிச்சயம் பின்னால் வந்தது. குறையும் எழுத்தும் ஒரே அளவு தேய்ந்திருந்தால், அது பழைய குறை என்பது மட்டுமே உறுதி; நாணயம் நாணயச்சாலையை விட்டு வெளியேறிய மறுநாளே அரம் பட்டிருந்தாலும் இன்று அது அப்படித்தான் தோன்றும். அத்தகைய நாணயத்தைத் திருப்பி, குறைக்கு நேரெதிரே உள்ள விளிம்பு இப்போதும் ஏதாவது சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் தேய்ந்திருந்தால், உறையின்மேல் கேள்விக்குறி ஒன்றை இட்டு வைத்துவிடுவது என் வழக்கம்.